வாழைப்பழத்துக்கு வாய் இருந்தா வழக்குப் போட்டிருக்கும்

வா தாயி, உட்காரு. ராத்திரி பிள்ளைக்கு இழுப்பு வந்துடுச்சாமே. யாரும் வந்து சொல்லல, எனக்கே கேட்டுச்சு. இந்த ஃப்ளாட்டுல ஒருத்தன் தும்மினா மேல்மாடிக்காரன் நூறாயுசுங்கிறான். இருமலுக்கா சுவரு மறைக்கப் போகுது?

சரி, விடிஞ்சதும் முதல் வேலையா என்ன பண்ணினே? மேசை மேல இருந்த வாழைச் சீப்பைத் தூக்கிட்டுப் போய் எதிர்வீட்டுல குடுத்துட்டு வந்தே. போன மாசம் ஆரஞ்சு. அதுக்கு முந்தி தயிரு. அதுக்கும் முந்தி வெள்ளரிக்கா, இளநீ, ஐஸ் கச்சாங். இப்படியே போனா பிள்ளைக்கு மிஞ்சப்போறது சோறும் ரசமும் உன் திட்டும்தான். வாழைப்பழத்துக்கு மட்டும் வாய் இருந்தா இந்நேரம் ஜாசின் கோர்ட்டுல மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும்.

கோவிச்சுக்காதே. உன்னை மட்டும் சொல்லல. நம்ம சனத்துக்கே அது ஒரு பழக்கம். வீட்டுல யாருக்கும் பெருசா தேவையில்லாத சாமானாப் பார்த்துப் பழியைப் போடுவோம். கட்டிலுக்கு அடியில ராத்திரி பூரா புகையிற கொசுவத்தி உனக்கு வேணும். ஜன்னலோரம் நின்னு ஊதுற சிகரெட்டு உன் புருஷனுக்கு வேணும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி உங்கம்மாவுக்கு வேணும். வாழைப்பழம் யாருக்கு வேணும்? அதான் அது குற்றவாளி.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல உடம்பு தடிச்சு, உதடு வீங்கி, வாந்தி எடுத்தா அது வேற சங்கதி. அது நிஜமான உணவு ஒவ்வாமை, டாக்டர்கிட்ட சோதிச்சுக்கலாம். ஆனா சாப்பாட்டால மட்டும் இழுப்பு வர்ற பிள்ளைங்க கொஞ்சம் பேருதான். பாக்கிப் பேருக்கு வர்றது மூக்கு வழியா வர்ற வம்பு.

எனக்கு என்ன தெரியும்னு கேட்பே. ஜாசின் பக்கம் தோட்டத்துல ஆயாக்கொட்டகையில பிள்ளை பார்த்தவ நான். இருட்டோட பிரட்டுக்குப் போற ஆத்தாமாருங்க தூங்குற பிள்ளையைக் கொண்டாந்து என் கையில போட்டுட்டு, பால்வாளியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. வரிசையாத் தூளி. எந்தத் தூளியில எந்த மூச்சு விசிலடிக்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அப்போ அடுப்பு மூட்ட ஒட்டுப்பால் கட்டி, இல்லன்னா பழைய சைக்கிள் டயரு. ஒரு தீக்குச்சி போதும், லயம் முழுக்கக் கரும்புகை. டான் சே யான்னு ஒரு சீனத் தௌக்கே 1896ல புக்கிட் லிந்தாங்ல பால்மரம் நட்டாரு. மலாயாவுல வியாபாரத்துக்குப் போட்ட முதல் ரப்பர் தோட்டம் நம்ம மலாக்காவுலதான். அவருக்குப் பாலு கிடைச்சுது, நமக்குப் புகை கிடைச்சுது. பிறகு பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டாங்க, நம்மளையும் வெட்டி ஃப்ளாட்டுல போட்டாங்க. இழுப்பு மட்டும் நம்மளோடயே காடியேறி வந்துடுச்சு.

தோட்டத்து டிரெசருக்குத் தலைவலிக்கும் வயித்துவலிக்கும் ஒரே மிக்சருதான். நீ அப்படி இல்ல, படிச்ச பொண்ணு. அதனால சொல்றேன், இந்த இழுப்புல உள்ளே நடக்கிறது மூணு காரியம். மூச்சுக்குழாயோட உள்பக்கம் வீங்கும். அதைச் சுத்தின தசை இறுக்கும். சளி வந்து மிச்ச வழியை அடைக்கும். காத்து உள்ளே போகும், வெளியே வரச் சண்டை போடும். அந்தச் சண்டைச் சத்தம்தான் விசிலு. விசிலே இல்லாம, ராத்திரி ரெண்டு மணிக்கும் ஓடி விளையாடினப்புறமும் வறட்டு இருமல் மட்டும் வர்ற பிள்ளையும் உண்டு. அதைச் சளி சளின்னு சொல்லியே வருஷம் ஓட்டுவாங்க. பிள்ளைக்குச் சின்னதுல முழங்கைமடிப்புல கரப்பான் இருந்துச்சுல்ல? காலையில எழுந்ததும் அடுக்கடுக்காத் தும்முதுல்ல? உன் வீட்டுக்காரனும் சின்ன வயசுல அப்படித்தான். நான்தானே பார்த்தேன். இதெல்லாம் ஒரே குடும்பத்து நோய்ங்க.

குற்றவாளியைப் பிடிக்கணும்னா முதல்ல போலீஸ் டைரி வேணும். உன் வீட்டுச் சமையலறையில குதிரைக் காலண்டர் தொங்குது. அதுல உன் புருஷன் கனவுல வந்தது, காடி நம்பரு, செத்தவன் வீட்டு நம்பரு எல்லாம் எழுதி வச்சிருக்கான். இத்தனை வருஷம் நாலு நம்பர் எழுதி ஒரு தடவையாச்சும் முதல் பரிசு அடிச்சானா? அந்தக் கட்டத்துல ஒரு ஓரம் பிள்ளைக்கு விடச் சொல்லு. என்னிக்கு இருமினான், ராத்திரியா பகலா, அன்னிக்கு வீட்டுல என்ன நடந்துச்சு, எங்கே போனான், மூக்கு ஒழுகுச்சா, இவ்வளவுதான். ஒரு மாசம் எழுதினா காலண்டரே ஆளைக் காட்டிக் குடுக்கும். ஒரு பிள்ளைக்குப் பூனை, ஒரு பிள்ளைக்குப் பூஞ்சை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே எதிரி கிடையாது. தெரியாம பூனையை விரட்டிட்டு, எலி வந்த பிறகு என்கிட்ட வந்து அழாதே.

ஆனா எழுதாமலே நான் பேர் சொல்லக்கூடிய ரெண்டு பேரு இருக்காங்க.

ஒருத்தன் சுருண்டு படுத்திருக்கான், பச்சைக் கலருல. கொசுவத்தியைத்தான் சொல்றேன். 2003ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு. சீனத்துக் கொசுவத்தியையும் நம்ம மலேசியக் கொசுவத்தியையும் கொளுத்திப் புகையை அளந்தாங்க, நம்ம நாட்டு ஆராய்ச்சிக்காரங்களும் அதுல இருந்தாங்க. ஒரு சுருள் எரிஞ்சா வர்ற நுண்துகள், 75லேருந்து 137 சிகரெட்டு எரிஞ்சா வர்ற அளவுன்னு கண்டாங்க. புருஷன் ஜன்னலோரம் ஒரு சிகரெட்டு பிடிச்சா தெருவே கேட்கக் கத்துறியே, நீ தினமும் கட்டிலுக்கு அடியில நாலஞ்சு பாக்கெட்டைக் கொளுத்தி வச்சுட்டு, கதவைச் சாத்தி, பிள்ளையைப் போர்த்தித் தாலாட்டுப் பாடுறே. அதுக்கு எட்டு வருஷம் முந்தி, 1995லயே கோலாலம்பூர்ல இன்னொண்ணு வந்துச்சு. இழுப்போட ஆஸ்பத்திரியில சேர்ந்த சின்னப் பிள்ளைங்களைப் பார்த்தாங்க. வாரத்துல மூணு ராத்திரியாவது கொசுவத்தி ஏத்துற வீடும், சிகரெட்டு பிடிக்கிற ஆளோட ஒரே அறையில தூங்குறதும் தனித்தனியா இழுப்போட சேர்ந்து நின்னுச்சு. உன் வீட்டுல ரெண்டும் இருக்கு. முதல் பரிசு இங்கேதான் அடிச்சிருக்கு.

கொசு கடிச்சா டெங்கி வருமேன்னு கேட்பே. நியாயமான கேள்விதான். கொசுவலை கட்டு. ஜன்னலுக்கு வலைக்கம்பி அடி. காத்தாடியை ஓட விடு, ஏடிஸுக்கு நல்ல காத்துல பறக்கத் தெரியாது. பால்கனியில பூச்சட்டித் தட்டுல தண்ணி நிக்குதே, அதுல நீயே கொசு வளர்த்துட்டு நீயே கொசுவத்தி வாங்குறே. சீனக்கடைக்காரனுக்கு உன்னை விட நல்ல வாடிக்கை கிடைக்காது. நகராட்சிக்காரன் தெருவுல புகை அடிக்க வந்தா வேடிக்கை பார்க்கப் பிள்ளையை வாசலுக்குத் தூக்கிட்டு வராதே. அன்னிக்கு அவனைக் கூட்டிட்டு எங்கயாவது போயிட்டு, புகை அடங்கி, ஜன்னல் திறந்து காத்தாடின பிறகு வா.

ரெண்டாவது ஆள் உன் வீட்டுக்காரன். என் பேரன்தான், இருந்தாலும் உண்மை உண்மைதான். மலாக்காவுல 2011லயே சில இடங்களைப் புகையில்லா இடம்னு அறிவிச்சாங்க. 2019 சனவரியிலேருந்து நாடு முழுக்கச் சாப்பாட்டுக் கடையில சிகரெட்டு பிடிக்கக் கூடாதுன்னு சட்டம். இவன் ரொம்ப சட்டத்துக்கு அடங்கின ஆளு. ரொட்டி சானாய் சாப்பிட்டதும் மேசையை விட்டு எழுந்து தள்ளிப் போய்த்தான் பத்த வைக்கிறான். எதிர்மேசையில யாரு பெத்த பிள்ளையோ உட்கார்ந்திருக்குதுன்னு அவ்வளவு கரிசனம். வீட்டுக்கு வந்தா தன் பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஊதுறான். கடையில பிடிச்சா அபராதம், வீட்டுல பிடிச்சா அப்பா. இப்போ சிகரெட்டை விட்டுட்டேன்னு கழுத்துல வேப்புங்கிற மின்சிகரெட்டை மாட்டிக்கிட்டுத் திரியறான், ஸ்ட்ராபெரி வாசனையாம். மூச்சுக்குழாய்க்கு ஸ்ட்ராபெரியும் தெரியாது, டுரியானும் தெரியாது. வெளியே நின்னு பிடிச்சாலும் சட்டையில, தலைமுடியில, காடி சீட்டுல நாத்தம் ஒட்டிக்கிட்டு உள்ளே வரும். விடணும்னு மனசு வந்தா கவர்மெண்டு கிளினிக்குல அதுக்குன்னே உதவி பண்றாங்க. மனசு வர்ற வரைக்கும் வெளியே, சட்டையை மாத்திட்டு உள்ளே.

இனி உங்கம்மா. சம்பந்தியம்மாவைப் பத்திப் பேசினா பாவம் சேரும், இருந்தாலும் பேசுறேன். எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினதும் பிள்ளையைக் கூடைக்கு மேல கவுத்திப் பிடிச்சுத் தலைக்குச் சாம்பிராணி போடுறாங்க. சளி பிடிக்காதாம். நானும் கொட்டகையில அந்தக் காலத்துல பார்த்த காட்சிதான் இது. நல்ல பிள்ளைங்க தும்மிட்டுத் தூங்கும், இழுப்புப் பிள்ளைங்க தூங்காது. உங்கம்மாகிட்ட சொன்னா, கோயில்ல இல்லாத புகையாங்கிறாங்க. அதுவும் சரிதான். தட்டார் தெருவுல, ஜாலான் துக்காங் எமாஸ்லதான், போய்ப் பாரு. 1781ல மலாக்கா செட்டிங்க கட்டின பொய்யாத விநாயகர் இந்தப் பக்கம், அதே வரிசையில கம்போங் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் நடந்தா செங் ஹூன் தெங் சீனக் கோயிலு. ரெண்டு கோயில் ஊதுபத்தியும் ஒண்ணாச் சேர்ந்து வீதியே கமகமன்னு இருக்கும். நான் பிள்ளையாரைக் குறை சொல்லல. அவருக்குத் தும்பிக்கை அவ்வளவு நீளம், எவ்வளவு புகையையும் தாங்குவாரு. உன் பிள்ளை மூக்கு ஒரு அங்குலம். விளக்கேத்து, பூ வை, கற்பூரத்தை வாசல்ல காட்டு. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போனா தேரைப் பின்னால நின்னு கும்பிடு. புகைக்குப் பக்கத்துல நின்னாத்தான் புண்ணியம்னு எந்தச் சாமியும் எழுதி வைக்கல.

புகையை விட்டா அடுத்தது தூசி. தூசின்னா உன் கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லல. மெத்தைக்குள்ளயும் தலகாணிக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி குடும்பம் நடத்துது. நம்ம உடம்புலேருந்து உதிர்ற தோலுதான் அதுக்குப் பசியாற. அதோட எச்சம்தான் மூச்சுக்குள்ள போய்க் கிளறி விடும். நம்ம ஊரு ஈரக்காத்து அதுக்குச் சொர்க்கம். வாரம் ஒரு தடவை போர்வை, உறையெல்லாம் 60 டிகிரிக்குக் குறையாத சுடுதண்ணியில துவை. வெந்நீர் மெஷினு இல்லன்னா அண்டாவுல காய்ச்சி ஊத்து. தோட்டத்துல சட்டியில துணி வேக வச்சவங்க பேத்திதானே நீ. மெத்தைக்கும் தலகாணிக்கும் முழுசா மூடுற உறை போடு. கட்டில்ல ஒரு கரடி, ரெண்டு முயல், ஒரு டைனோசர் படுத்திருக்கு, உன் பிள்ளைக்கு இடமே இல்ல. ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை அலமாரியில ஏத்து. அந்த ஒண்ணையும் நெகிழிப் பையில கட்டி ஐஸ்பெட்டி மேல்தட்டுல ஒரு நாள் முழுக்க வச்சு எடுத்துத் துவைச்சா உண்ணி செத்துடும். உங்கம்மா வந்து, மீனுக்குப் பக்கத்துல ஏன் கரடி படுத்திருக்குன்னு கேட்பாங்க. சொல்லிக்கலாம்.

பாசார் மாலாம்ல வாங்கின அந்தக் கம்பளத்தைச் சுருட்டி யாருக்காவது கல்யாணப் பரிசாக் குடுத்துடு. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கிற அன்னிக்குப் பிள்ளை வீட்டுல இருக்கக் கூடாது, ஈரத்துணியால துடை, காத்தாடி இறக்கையை மறக்காதே. குளியலறைக்குப் பக்கத்துச் சுவத்துல கறுப்பாப் படர்ந்திருக்கே, அது பூஞ்சை. பெயிண்டு அடிச்சு மறைக்காதே, முதல்ல ஒழுகுற குழாயை மாத்து. கரப்பான்பூச்சிக்குச் சோத்துச் சட்டியைத் திறந்து வச்சு விருந்து வைக்காதே.

அப்புறம் ஒண்ணு சொல்லணும், இதுல யாரையும் திட்ட முடியாது. சின்னப் பிள்ளைங்களுக்கு இழுப்பைக் கிளப்புறதுல முதல் இடம் சாதாரண சளி வைரஸுக்குத்தான். மழையில நனைஞ்சதால இல்ல, பக்கத்துப் பெஞ்சுல தும்மினவனால. பள்ளி லீவு முடிஞ்சு திறந்ததும் பாதி வகுப்பு இருமுறது அதான். கை கழுவப் பழக்கு. வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளு. மூக்கு ஒழுக ஆரம்பிச்ச அன்னிக்கே இழுப்பு மருந்துப் பம்பு எங்கே இருக்குன்னு தேடி வச்சுக்கோ.

ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து. சுமத்ராவுல கரிமண்ணு காட்டைக் கொளுத்தினா அந்தப் புகைக்குக் கடல் தாண்ட டிக்கெட்டு வேண்டாம், நேரா மலாக்கா நீரிணை வழியா நம்ம வீட்டுக்குத்தான். 2013 ஜூன்ல என்ன ஆச்சு? பக்கத்து மூவார்ல காத்துக் குறியீடு 746 போச்சு, மூவாருக்கும் லேடாங்குக்கும் அவசரநிலை போட்டாங்க. 2015ல மலாக்காவுலயும் பள்ளிக்கூடத்தை மூடினாங்க. 2019ல மறுபடியும் வந்துச்சு. குறியீடு 50 வரைக்கும் நல்ல காத்து, 100 வரைக்கும் சுமார். 100 தாண்டினா கெட்டது, 200 தாண்டினா ரொம்பக் கெட்டது, 300க்கு மேல ஆபத்து. இழுப்புப் பிள்ளைக்கு 100 வரைக்கும் காத்திருக்காதே, அதுக்கு முந்தியே மூச்சு மணியடிக்கும். உன் புருஷன் நாலு நம்பர் ரிசல்ட்டு பார்க்கிற அதே போன்ல ஐ.பி.யு.ங்கிற இந்தக் காத்துக் குறியீட்டு நம்பரும் பார்க்கலாம், அது தினமும் வரும், காசும் கட்ட வேண்டாம். கூடின அன்னிக்கு ஜன்னலைச் சாத்தி உள்ளேயே வச்சுக்கோ. மூக்குல ஈரத்துண்டு கட்டினா மனசுக்குத் தெம்பு, நுண்துகளுக்கு அது தடையே இல்ல.

இதுல எனக்குச் சிரிப்பு வர்றது கீழ்வீட்டுத் தாத்தாவை நினைச்சா. பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு இந்தோனேசியாக்காரனை அவ்வளவு திட்டுவாரு, காட்டைக் கொளுத்துறானே, மனுஷனான்னு. திட்டி முடிச்சதும் பின்னால போய்த் தான் கூட்டின சருகையும் நெகிழிப் பையையும் குவிச்சுக் கொளுத்துவாரு. 1974ஆம் வருஷச் சுற்றுச்சூழல் சட்டத்துல திறந்தவெளியில குப்பை எரிக்கிறது குத்தம். சொன்னா, கொசு வராம இருக்கத்தான்னு சொல்றாரு. இந்த ஊர்ல எந்தப் புகைக்கும் கொசுதான் ஜாமீன்.

இப்போ பம்புக்கு வருவோம். ஜாசின் ஆஸ்பத்திரியில ரெண்டு பம்பு குடுத்தாங்க, ஒண்ணு நீலம், ஒண்ணு பழுப்பு. நீலத்தை நீ எங்கே போனாலும் எடுத்துட்டுப் போறே, பழுப்பை அலமாரியில பத்திரமா வச்சிருக்கே. ஏன்னு கேட்டா, நீலம் அடிச்ச உடனே கேட்குதாம், பழுப்பு அடிச்சா ஒண்ணுமே தெரியலையாம். தாயி, லாலான் புல்லை அரிவாளால மேலாக அறுத்தா அன்னிக்குப் பார்க்க நல்லா இருக்கும், பத்தே நாள்ல கிழங்குலேருந்து மறுபடி நிக்கும். நீலம் அந்த அரிவாள், இறுகின தசையைத் தளர்த்தி விடும், உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தொடாது. பழுப்புதான் கிழங்குக்குப் போற மருந்து. தினமும் காலையும் மாலையும், டாக்டர் சொன்ன அளவு, பிள்ளை சும்மா சிரிச்சு விளையாடுற நாள்லயும் போடணும். சில கம்பெனி பழுப்புக்குப் பதிலா ஆரஞ்சு, வேற கலரும் போடுவான். கலரை நம்பாதே, பேரைப் படிச்சு, இது தடுக்கிறதா தணிக்கிறதான்னு மருந்து குடுக்கிறவங்ககிட்டயே கேட்டுக்கோ. வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல நீலம் தேவைப்பட்டாலும், இருமி ராத்திரித் தூக்கம் கெட்டாலும் கிழங்கு உசிரோட இருக்குன்னு அர்த்தம். மறுபடி டாக்டர்கிட்ட போகணும்.

பம்பு பழகிடும், அடிமையாயிடுவான்னு மேல்மாடி அக்கா சொன்னாங்களாம். அந்த அக்கா காலையில தே தாரிக் குடிக்கலன்னா யார்கிட்டயும் பேசமாட்டாங்க, அது அடிமை இல்லையாம். ஸ்டீராய்டுன்னு பயமா? மூச்சுல போறது கொஞ்சூண்டு, நேரா நெஞ்சுக்குப் போகுது. போட்டதும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பச் சொல்லு, இல்லன்னா வாயில வெள்ளைப் புண்ணு வரும். வளர்த்தி ஒரு சென்டிமீட்டர் போலக் குறையலாம்னு ஆராய்ச்சி சொல்லுது, மறைக்கல. ஆனா அவங்கப்பன் உயரத்தைப் பார்த்துட்டுத்தானே கழுத்தை நீட்டினே, ஒரு சென்டிமீட்டருக்கு இப்போ என்ன கவலை? மூச்சுத் திணறித் திணறி வளர்ற பிள்ளைக்குத்தான் வளர்த்தி நிஜமாவே அடிபடும்.

பம்பை நேரா வாயில வச்சு அடிச்சா பாதி மருந்து நாக்குலயும் தொண்டையிலயும் ஒட்டிக்கும். நடுவுல அந்தப் பெரிய குழாய், ஸ்பேசர், வேணும். பம்பைக் குலுக்கு, ஒரு அழுத்து, ஐந்தாறு மூச்சு நிதானமா இழுத்து விடட்டும், பிறகுதான் அடுத்த அழுத்து. ரெண்டையும் ஒண்ணா அழுத்திட்டு வேலை முடிஞ்சுதுன்னு ஓடாதே. சின்னதுன்னா முகமூடி வச்சது. சோப்புத் தண்ணியில கழுவி அப்படியே காய விடு, துணியால துடைச்சா உள்ளே மின்னேத்தம் வந்து மருந்தெல்லாம் சுவத்துல ஒட்டிக்கும். குழாய் இல்லாத ஊருக்கும் வழி இருக்கு. தென்னாப்பிரிக்காவுல டாக்டர் ஹெதர் சார் கூட்டம், 500 மில்லி குளிர்பானப் போத்தலோட அடியில ஓட்டை போட்டுப் பம்பைச் சொருகி, இழுப்போட வந்த பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பார்த்தாங்க. கடையில வாங்குற குழாய்க்குச் சமமா வேலை செஞ்சுதுன்னு 1999ல லான்செட்ல எழுதினாங்க. கலர்த்தண்ணியில நல்லது ஏதாவது உண்டுன்னா அந்தப் போத்தல்தான்.

இவ்வளவு எளிசான வைத்தியம் கவர்மெண்டு கிளினிக்குல ஒரு வெள்ளிக்குக் கிடைக்குது, நம்ம ஆளுங்க போறது வேற எங்கயோ. ஹைதராபாத்துல ஜூன் மாசம் பதினி குடும்பம் உசிரோட விரால் குஞ்சு வாயில மருந்து வச்சு முழுங்கக் குடுக்கும், கூட்டம் அலைமோதும். நம்ம ஊர்ல வௌவால் கறி. கெலுவாங் வௌவாலைப் பிடிச்சுக் குழம்பு வச்சா இழுப்பு போயிடும்னு தோட்டத்துல கேட்காத வீடில்ல. 1998ல பேராக்ல ஆரம்பிச்சு 1999ல பக்கத்து நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக் வரைக்கும் வந்து, நாட்டுல 105 பேரைக் கொண்டு போச்சே நிப்பா காய்ச்சல், அது அந்த வௌவாலோட உடம்புல குடியிருக்கிற கிருமி. பன்னி வழியா வந்துச்சு. அதோட வீட்டுக்கே போய் விருந்தாளியா அழைக்கணுமா?

பள்ளிக்கூடத்துல விளையாட்டுப் போட்டியில இவனை ஓட விடாதீங்கன்னு வாத்தியாருக்குக் கடிதம் எழுதி வச்சிருக்கியாம். கிழிச்சுப் போடு. ஓடினா இழுப்பு வருதுன்னா நோய் அடங்கலன்னு அர்த்தம், ஓடக்கூடாதுன்னு அர்த்தம் இல்ல. முதல்ல மெதுவா உடம்பைச் சூடாக்கட்டும், டாக்டர் சொன்னா ஓடறதுக்கு முந்தி நீலத்தைப் போடட்டும். உன் தம்பி சட்டையில நட்சத்திரத் தொப்பி வச்ச தாடிக்காரன் படம் போட்டிருக்கான்ல? சே குவேரா. ரெண்டு வயசுலேருந்து இழுப்புக்காரன். காட்டுக்குள்ள துப்பாக்கியோட அலைஞ்சான். உன் பிள்ளை நூறு மீட்டர் ஓடப் போறான், அவ்வளவுதான். வாத்தியாருக்கு வேற கடிதம் எழுது. பம்பு பையில எந்தப் பக்கம் இருக்கு, எப்போ போடணும், உன் போன் நம்பர் என்ன.

கடைசியா ஒண்ணு, இதுல மட்டும் நான் கிண்டல் பண்ணல. விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ளே இழுக்குதா, ஒரு வாக்கியத்தை முழுசாப் பேச முடியாம நிறுத்தி நிறுத்திப் பேசுறானா, உதடு நீலமாகுதா, திடீர்னு விசில் சத்தமே நின்னு பிள்ளை சோர்ந்து விழுறானா, அப்போ உங்கம்மாவுக்குப் போன் போட்டு என்ன பண்றதுன்னு கேட்காதே. சத்தம் நின்னா நல்லாயிடுச்சுன்னு நினைக்காதே, காத்தே போகலைன்னு அர்த்தம். உட்கார வச்சு, டாக்டர் எழுதிக் குடுத்த அளவுக்கு நீலத்தைக் குழாய் வழியா ஒவ்வொரு அழுத்தாப் போட்டுக்கிட்டே 999 அடி, இல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இந்த அடையாளம் இல்லாத இழுப்புன்னாலும், பம்பு போட்டு இருபது நிமிஷத்துல அடங்கலன்னா கிளம்பு. சாமி ரூம்ல கற்பூரம் ஏத்திட்டுப் போகலாம்னு நிக்காதே.

காடிச் சாவி எங்கே தொங்குதுன்னு ஞாபகம் இருக்கா? உன் புருஷன் தூக்கத்துல எழுப்பினா எழுந்திரிக்க மாட்டான், சாவியை நீயே எடு. அந்தக் காடியை இன்னிக்கே கழுவச் சொல்லு, சீட்டு உறையையும் சேர்த்து. சாம்பல் தட்டைக் கழட்டி எறியச் சொல்லு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கழுவ நேரம் இருக்காது. போ, எழுப்பு, பத்து மணியாகுது, இன்னும் தூங்குறான்.